கல்லின் அடுக்கைப் படித்த அக்கா

மழை வருமா என்று கேட்டால் “மேகம் இருக்கு” என்பார். கறி நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் “உப்பு சரியா இருக்கு” என்பார். என் கல்யாணப் புடவையை வேலையிடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது எல்லாரும் அழகு, அழகு என்று சுற்றி நின்றார்கள். அவர் மட்டும் முந்தானையை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துப் பார்த்துவிட்டு, “இந்தப் பச்சை உனக்குப் பொருந்துது. ஜரிகை நெசமான்னு டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது” என்றார். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நான் நின்றேன். அதற்குள் அவர் கை கழுவப் போய்விட்டார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கேட்கலாம் என்றால் அவருடைய இப்போதைய முகவரி என்னிடம் இல்லை. நாங்கள் அக்கா என்றோம். மலாய்க்காரர்கள் காக் என்றார்கள். சீனரான எங்கள் முதலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளுக்குப் பக்கத்தில், இரண்டு கடைவீடுகளை இணைத்து நடத்திய பரிசோதனைக்கூடம் அது. மணல், சிமெண்ட், உரம், செங்கல் சூளைக் களிமண் என்று எதையாவது பையில் கட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். என் வேலை வாசலில். பைக்கு எண் போட்டு, புத்தகத்தில் பதிந்து, உள்ளே அனுப்ப வேண்டும். அக்காவின் வேலை பின்னறையில், எக்ஸ்ரே இயந்திரத்தோடு. தினமும் காலையில் கலும்பாங்கிலிருந்து ராசா வழியாகப் பழைய கஞ்சில் காரில் வருவார். கழுத்தில் மெல்லிய சங்கிலியும் ஒரு சின்னச் சிலுவையும். வேறு நகை கிடையாது. கைநகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு தூள் ஒட்டியிருக்கும்.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மாதிரி அந்த இயந்திரமும் கல்லின் உள்ளே படம் பிடிக்கும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கெராங் சம்பல் கொண்டுபோயிருந்தேன். கோலா சிலாங்கூர் ஆற்றுவாயில் வாங்கிய சிப்பி. சாப்பிட்டு முடித்ததும் அக்கா இரண்டு ஓடுகளை எடுத்துக் கழுவிக் காயவைத்து, உள்ளங்கை அளவு கல்வத்தில் போட்டு மாவாக அரைத்தார். அதைக் காசு அளவு குழி உள்ள ஒரு தட்டில் வைத்து, கண்ணாடித் துண்டால் மட்டமாக அழுத்தி, இயந்திரத்துக்குள் தள்ளினார். அடுத்ததாக ஈப்போவிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் தூளையும் அதேபோல் செய்தார். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோட்டுப்படங்கள் வந்தன. இரண்டிலும் மேடும் பள்ளமுமாகச் சிகரங்கள்.

“ரெண்டும் ஒரே சரக்குதான். வேற லேப்ல குடுத்து என்ன இருக்குன்னு கேட்டா, கால்சியம், கார்பன், ஆக்சிஜன்னு ரெண்டுக்கும் ஒரே பதில்தான் வரும்,” என்றார். “இப்பப் படத்தைப் பாரு.”

ஒரு சிகரமும் மற்றொன்றின் மேல் பொருந்தவில்லை.

“ஒரே செங்கல்லுதான். ஆனா அடுக்கு வேற. கல்லுல கால்சைட், சிப்பியில அராகோனைட்.”

எக்ஸ்ரே கதிரைத் தூளின் மேல் பாய்ச்சினால், உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்துக்கு ஏற்ப, சில கோணங்களில் மட்டும் அது பலமாகத் திரும்பி வருமாம். அந்தக் கோணங்களை வைத்து அடுக்கைக் கண்டுபிடித்துவிடலாம். பாடப்புத்தகத்தில் இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். என்னென்ன இருக்கிறது என்று சொல்ல நூறு வழி உண்டு, அவை எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று சொல்வதுதான் தன் வேலை என்பார் அக்கா. அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. அவரிடம் நான் கண்ட ஒரே பெருமை.

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு பெரியவர் இரண்டு பஸ் மாறி வந்தார். லோரி ஓட்டிய காலத்தில் பகாங்கில் ஒரு மலைவெட்டில் பொறுக்கிய கல்லை, துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, இருபது வருஷமாகப் பத்திரப்படுத்தியிருக்கிறார். மஞ்சளாக மின்னியது. வீட்டில் யாருக்கும் சொன்னதில்லையாம். அக்கா அவரிடம், “ஒரு மூலையைக் கொஞ்சம் சுரண்டிக்கவா ஐயா?” என்று அனுமதி கேட்டுத்தான் தூள் எடுத்தார்.

முடிவு வந்ததும் நான் பின்னறை வாசலிலேயே நின்றேன். எப்படிச் சொல்வார் என்று பார்க்க எனக்கு ஆசை. அவர் சுற்றி வளைக்கவில்லை.

“இது தங்கம் இல்லங்க ஐயா.”

பெரியவர் டின்னின் மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு, “அப்ப இது என்னாம்மா?” என்றார்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல அக்கா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது என்றார். திரையில் ஒவ்வொரு சிகரமாகக் காட்டினார். கல்லைத் திருப்பி அதன் மட்டமான பக்கங்களைப் பெரியவரின் கட்டைவிரலால் தடவ வைத்தார். “இத யாரும் வெட்டல. உள்ள அணுவெல்லாம் சதுரம் சதுரமா அடுக்கியிருக்கு, அதனால வெளியவும் தானாவே சதுரமா வளந்திருக்கு.” முக்கால் மணி நேரம் பேசினார். முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெரியவர் கிளம்பும்போது அந்தக் கல்லை மறுபடியும் துணியில் சுற்றி டின்னில் வைத்துக்கொண்டுதான் போனார். “எங்கிட்ட இருக்கறது என்னான்னு இனிமே சொல்லிக்கலாம் லா,” என்றார் என்னிடம்.

இதையெல்லாம் நான் பிற்பாடு ஆசையாக நினைத்துக்கொண்டேன். ஆனால் நடுவில் சில வாரங்கள் அந்த மனுஷியை நான் வெறுத்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர்மேன். பதினாறு வருஷம் அந்த ஒரே பாய்லர். ஒருநாள் காலையில் அதன் குழாய் ஒன்று வீங்கி வெடித்தது. பக்கத்தில் நின்ற நேபாளத்துத் தம்பி ஒருவனுக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகக் கல் படிந்து, தண்ணீர் ஓட வழியே இல்லை. கல் படிந்த இடத்தில் குழாய்க்குச் சூடு ஆறாது. இரும்பு இளகிவிடும்.

யாரோ ஒரு லேப்பில் அந்தக் கல்லைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் சிலிக்கா என்று பதில் வந்தது. ஆற்றுத் தண்ணீரில் சிலிக்கா இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. அது சேராமல் இருக்கத்தான் பாய்லர்மேன் ஒவ்வொரு ஷிப்டிலும் அடி வால்வைத் திறந்து அழுக்குத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். புளோடவுன் என்பார்கள். ஆக, அண்ணன் புளோடவுன் செய்யவில்லை, அதனால்தான் வெடித்தது என்று முடிவு கட்டி, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். வேலை போவதோடு நிற்காது, பாய்லர் லைசென்சும் போகும் என்று எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தம்பியின் கைகளை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம், இன்சூரன்சுக்காரர்கள் கேட்டுக்கொண்டதால், அதே கல்லில் ஒரு துண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. பையில் ஆலையின் பெயர். எண் போட்டு, உள்ளே கொண்டுபோய் அக்காவின் மேசையில் வைத்து, “அக்கா, இது எங்க அண்ணன் பாய்லர்,” என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றினார்.

“நல்லவேள, இப்பவே சொன்ன,” என்று எழுந்து நேராக முதலாளி அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் பூட்டும் சாவியும் இருந்தன. அந்தப் பையை அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஊழியர் ஒருவரின் உறவினர் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறார், அந்த ஊழியர் இந்த மாதிரியைத் தொட அனுமதிக்கப்படவில்லை என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதப்போவதாகச் சொன்னார். வேலை முடியும்வரை நான் பின்னறைக்குள் வரக்கூடாது.

“நான் என்ன கள்ளியாக்கா? அந்தக் கல்ல என்ன பண்ணிருவேன்?”

“ஒண்ணும் பண்ண மாட்ட. எனக்குத் தெரியும். ஆனா படிக்கிறவங்களுக்குத் தெரியாது.”

“ஒரு வரி எழுதுங்கக்கா. பாய்லர்மேன் மேல தப்பு இல்லன்னு ஒரே வரி.”

“தப்பு யாருதுன்னு கல்லுல தெரியாதும்மா.”

அன்றைக்கு நான் சொன்னதை இப்போது எழுதவும் கூசுகிறது. கல்லோட பழகிப் பழகி நீங்களும் கல்லாயிட்டீங்க என்றேன். அதன்பிறகு பல வாரம் நான் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவர் பின்னறையில் தனியாகச் சாப்பிட்டார்.

அறிக்கையை முதலாளிதான் என்னிடம் காட்டினார், அதுவும் ஆலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. கல் வெறும் சிலிக்கா இல்லை. அனால்சைம் என்று ஒரு பெயர். சோடியமும் அலுமினியமும் சிலிக்காவும் ஒரே கூட்டாக அடுக்கிக்கொண்டால் வருவது. அலுமினியம் இல்லாமல் அந்த அடுக்கு உண்டாகவே முடியாது. பாய்லருக்குள் அலுமினியத்துக்கு என்ன வேலை? ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்க ஆலையில் படிகாரம் போடுவார்கள். படிகாரத்தில் அலுமினியம் உண்டு. வடிகட்டி சரியாக இருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். அந்த ஆலையின் மணல் வடிகட்டிக்கு மணல் மாற்றிப் பல மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் தெளியாததால் படிகாரத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். வடிகட்டியைப் பார்ப்பது அண்ணன் வேலை அல்ல.

இதில் வடிகட்டிக் கதை அக்கா எழுதியது அல்ல. அது ஆலையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவர் எழுதியது, கல்லின் பெயர், அதற்கு அலுமினியம் வேண்டும் என்பது, கடைசியாக ஒரு வரி: ஒரு சிறு சிகரம் இன்னும் அடையாளம் காணப்படவில்லை.

விசாரணைக்கு விளக்கம் சொல்ல அக்காவை வரச் சொல்லியிருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு அண்ணனோடு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மில் மேனேஜர், இன்ஜினியர், யூனியன்காரர், இன்சூரன்ஸ் ஆள் ஒருவர். பேச்சு மலாயில் நடந்தது, சூடேறினால் தமிழுக்கு வந்தது. அக்கா சிகரங்கள் இருந்த படத்தாளை மேசையில் வைத்துப் பொறுமையாகச் சொன்னார். மேனேஜரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. யூனியன்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“அப்ப, இவரு புளோடவுன் ஒழுங்கா செஞ்சிருக்காருன்னு அர்த்தம். அதானே மேடம்?”

“அந்த அர்த்தம் இதுல இல்லைங்க.”

“என்ன மேடம் நீங்க! அலுமினியத்தாலதான்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அலுமினியம் இல்லாம இந்தக் கல்லு வராது. அத சொன்னேன். புளோடவுன் கொறஞ்சா இன்னும் வேகமா சேரும். இங்க கொறஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது.”

இன்ஜினியர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். எழுந்துபோய் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. தானாகக் கைக்கு வந்த சந்தர்ப்பம், ‘ஆமாம்’ என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், அந்தச் சொல்லை இந்த மனுஷி சொல்ல மாட்டேன் என்கிறாரே!

அப்போது அண்ணன் கையைத் தூக்கினார்.

“நான் சொல்றேன் பாஸ். வெடிக்கறதுக்கு முந்தின மாசம் அடி வால்வு ரெண்டு தடவ சிக்கிக்கிச்சு. தெறக்க முடியல. இன்ஜினியர்கிட்ட வாயால சொன்னேன், மில் நிக்கும்போது பாத்துக்கலாம்னாரு. மூணு ஷிப்டு நான் புளோடவுன் பண்ணல. ஆனா புக்குல பண்ணதா கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு.”

யூனியன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்ஜினியரின் சிரிப்பும் காணாமல் போயிருந்தது. அந்த மூன்று ஷிப்டுகள் பற்றி எனக்குக்கூட அண்ணன் சொன்னதில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் நான் அழுதுகொண்டே வந்தேன். “ஏண்ணே சொன்ன? உன்னை யாரு கேட்டா?”

“அந்தம்மா அத்தன பேரு முன்னால ‘எனக்குத் தெரியாது’ன்னு சொன்னாங்க பாரு. எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சத வச்சிக்கிட்டு அங்க உக்கார முடியல,” என்றார். அன்றைக்குத்தான் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிட்டார்.

முடிவு வர ஒரு மாதம் ஆனது. அண்ணனுக்கு வேலை போகவில்லை, லைசென்சும் போகவில்லை. கடைசி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, மூன்று மாதம் பாய்லரைத் தொடவிடாமல் வெளிவேலை கொடுத்தார்கள். வடிகட்டிக்குப் புது மணல் வந்தது. அடி வால்வை மாற்றினார்கள். தப்பு ஒரு ஆளுடையது இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டதால், நேபாளத்துத் தம்பிக்குச் சேர வேண்டிய நஷ்டஈடும் இழுபறி இல்லாமல் கிடைத்தது. அவன் ஊருக்குப் போகும் நாளில் அண்ணன்தான் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்.

நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை என் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அவர் ஸ்டூலில் இருந்த கோப்புகளை எடுத்துக் கீழே வைத்தார். நான் உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த உடுப்போடு, கலும்பாங்கிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அண்ணன் வேட்டியை இறக்கிக்கொண்டு ஓடிவந்தார். அக்கா உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

“ரிப்போர்ட்ல ஒரு சின்ன சிகரம் என்னான்னு தெரியலன்னு எழுதியிருந்தேன். மெஷினு சும்மா இருக்கற நாளெல்லாம் மறுபடி மறுபடி மெதுவா ஓட்டிப் பாத்தேன். இப்பத் தெரிஞ்சிருச்சு. அது செம்பு. ரொம்பக் கொஞ்சம்.”

“அதனால ஏதாச்சும் மாறுமா மேடம்?” என்றார் அண்ணன் பயந்துபோய்.

“ஒண்ணும் மாறாது. ஆலைக்கும் எழுதிட்டேன்.”

“செம்பு எங்கேருந்து வந்துச்சு?”

“அது தெரியல.”

“இத சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“உங்க பாய்லரு. உங்களுக்குத் தெரியணும் இல்ல?”

அண்ணன் அவரை மதியம் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். மீன் கறி எப்படி என்று நான் கேட்கவில்லை. அவராகவே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

சில வருஷங்களில் எங்கள் முதலாளி வயதாகி, இடத்தை விற்றுவிட்டார். இயந்திரத்தை ஜொகூரில் யாரோ வாங்கினார்கள். அக்கா தன் தாயாரை அழைத்துக்கொண்டு கலும்பாங் வீட்டைக் காலிசெய்து தங்கையோடு இருக்கப் போனார், நாடு தாண்டி. இரண்டு கிறிஸ்துமசுக்கு வாழ்த்து வந்தது. பிறகு என் போன் தொலைந்து, எண் தொலைந்து, அவரும் தொலைந்துபோனார்.

அவர் போவதற்கு முந்தின வருஷம் என் மகளுக்கு டெங்கி வந்தது. நான்கு வயது. இப்போது இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் படிக்கிறாள், அவளுக்கு இது எதுவும் நினைவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் தட்டணுக்கள் ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டே போயின. அவள் கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளிகள். பார்க்க வந்த சொந்தபந்தங்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து, ஒண்ணும் ஆவாது, புள்ள பொழச்சிரும் என்றார்கள். மாமியார் நேர்ந்துகொண்டார். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் ஏறியது. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அக்கா தினமும் பார்வையாளர் நேரம் தொடங்கும்போது வந்துவிடுவார். முதல் நாளே அவரைக் கேட்டேன்.

“அக்கா, புள்ள பொழச்சிருவாளா?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

“தெரியலம்மா.”

பிறகு, “நாளைக்கும் வரேன்,” என்றார்.

ஐந்து நாள் வந்தார். லீவு போட்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. ஆறுதல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளின் உதட்டைப் பஞ்சால் ஈரப்படுத்துவார். என் தலையை வாரிவிடுவார். நான் கழிப்பறைக்குப் போய்வரும்வரை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஐந்தாம் நாள் மதியம் தாதி வந்து, தட்டணு எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்றாள். என் அம்மா சாமியைக் கூப்பிட்டு அழத் தொடங்கினாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மரம் மாதிரி நின்றேன். அக்கா எழுந்து வார்டின் கோடிக்குப் போனார். அங்கே டாக்டரோடு அவர் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. டாக்டர் ஏதோ தாளைப் புரட்டிக் காட்டினார். அக்கா தலையாட்டவில்லை, மறுபடி ஏதோ கேட்டார். டாக்டர் மறுபடியும் காட்டினார்.

திரும்பி வந்தவர் என் முன்னால் நின்றார்.

“காய்ச்சல் விட்டு ரெண்டு நாளாச்சு. ரத்தக் கசிவு இல்ல. ஒண்ணுக்கு நல்லா போறா. தட்டணு ஏறுது,” என்றார். கொஞ்சம் நிறுத்தினார். “புள்ள பொழச்சிட்டா.”

ஐந்து நாளாக எத்தனையோ பேர் சொன்ன வார்த்தைதான். அவர் சொன்ன பிறகுதான் கட்டிலுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.